முட்டை இல்லை, பால் இல்லை: இரவில் சுட்டு, காலையில் பசியாற மரவள்ளி பிங்கா

பிங்கா உபியில் முட்டை சேர்ப்பார்களா? போன வருடம்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சந்தையில் வாங்கி வந்த பிங்காவில் அக்கா மகன் அரைத்துண்டுதான் சாப்பிட்டிருப்பான். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்காரவைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள்.

அவனுக்கு நான்கு வயது. முட்டையும் பசும்பாலும் அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். பிங்கா என்றால் கிழங்கும் தேங்காய்ப்பாலும்தானே என்று நினைத்துக் கொடுத்துவிட்டோம்.

விற்ற மக்சிக் மேல் பழி போட முடியாது. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு விசாரித்தபோதுதான், மென்மைக்காக முட்டையும் மணத்துக்காக வெண்ணெயும் சேர்ப்பவர்கள் நிறைய பேர் என்று தெரிந்தது. டின் பால் ஊற்றுகிறவர்களும் உண்டு. இப்போது எந்தக் குவே வாங்கினாலும் "அடா தெலூர்? அடா சூசு? அடா மெந்தேகா?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறோம். ஒரே கத்தியால் எல்லாக் குவேயையும் வெட்டுகிறார்களா என்றும் பார்க்கிறோம்.

பையனோ பிங்காவை மறக்கவில்லை. அதனால் வீட்டிலேயே சுட ஆரம்பித்தேன். முதல் மூன்று முறையும் கெடுத்தேன். எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்பது இப்போது தெரியும். அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

சைவம் வேறு, நனிசைவம் வேறு

நம் வீடுகளில் சைவம் என்றால் கறி, மீன், முட்டை இல்லை. பால், தயிர், நெய்க்குத் தடையில்லை. தைப்பூச விரதத்தில் இருப்பவர்கள்கூடப் பால் குடிக்கிறார்கள். பால், நெய், தேன் என்று உயிரினங்களிலிருந்து வரும் எதையும் தொடாததைத்தான் 'வீகன்' என்கிறார்கள். தமிழில் அதற்கு 'நனிசைவம்' என்ற சொல் புழங்குகிறது. 'நனி' என்றால் மிகுதி. தொல்காப்பியம் மிகுதியைக் குறிக்கும் உரிச்சொற்களாக உறு, தவ, நனி என்ற மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. தமிழியல் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்த சொல், இப்போது உணவுப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும்போது ஞாபகத்துக்கு வருகிறது.

'வீகன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அதிக வயதில்லை. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் சங்கம் தொடங்கியபோது உருவாக்கியது.

அதே 1944-இல் இங்கே நம் தோட்டங்களில் பாலும் முட்டையும் இல்லாத சாப்பாடுதான் நடந்தது. யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்ததல்ல. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்துபோனது. ரப்பருக்கு வாங்க ஆளில்லை. லயத்துக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில், பால்மரத்தை வெட்டிய இடத்தில் என்று எங்கும் மரவள்ளி நட்டார்கள். மூன்றரை வருடம் அதுதான் சோறு.

என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருக்கு ஐந்தாறு வயது. அவருடைய அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. பாட்டி இன்றுவரை மரவள்ளிக்கிழங்கைத் தொடமாட்டார். நான் சமையலறையில் கிழங்கைத் துருவினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்டால், "அப்ப தின்னதே போதும்" என்பார். அதற்குமேல் பேசமாட்டார்.

கிழங்கில் இருக்கும் நஞ்சு

மலாயில் 'உபி காயு' என்றால் மரக்கிழங்கு. நாமும் மரவள்ளி என்கிறோம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செடிக்கு இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன. இந்தக் கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கைத் துருவும்போதோ நசுக்கும்போதோ அது உடைந்து சயனைடு உண்டாகிறது. பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. துருவி, பிழிந்து, நன்றாக வேகவைத்தால் அதில் பெரும்பகுதி நீரோடும் ஆவியோடும் போய்விடும். ஆனால் பச்சையாகத் தின்னக் கூடாது, அரைவேக்காட்டில் எடுக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் கவனம் வேண்டும்.

உணவுக்காக விற்கப்படும் இனிப்பு வகையில் நஞ்சு குறைவு. கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பதைத்தான் அனைத்துலக உணவுத் தரவிதி 'இனிப்பு மரவள்ளி' என்று கணக்கிடுகிறது. மாவு ஆலைக்கென்று வளர்க்கும் வகைகளில் இது அதிகமாக இருக்கும். ஆகவே யாரோ எப்போதோ காலி நிலத்தில் நட்டுவிட்டுப் போன செடியைப் பிடுங்கி வந்து பிங்கா சுட வேண்டாம். சந்தையில் சாப்பிடுவதற்கென்று விற்பதை வாங்குங்கள். வெந்த பிறகும் கிழங்கு கசந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தோலில் நஞ்சு அதிகம். மேலே பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல், அதற்குக் கீழே இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ தடித்த தோல். இரண்டையும் உரிக்க வேண்டும். நடுவில் ஓடும் நாரையும் எடுத்துவிடுங்கள். பிழிந்த தண்ணீரையும் உரித்த தோலையும் ஆடு கோழிக்கு வைக்கக் கூடாது. தோட்டத்தில் ஆடு வளர்த்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தோண்டி எடுத்து இரண்டு மூன்று நாளுக்குள் கிழங்கு உள்ளே கறுக்கத் தொடங்கும். கடைக்காரரிடம் முனையை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சுத்தமாக இருந்தால் எடுக்கலாம். நீலக் கோடு ஓடியிருந்தால் வேண்டாம். பேரங்காடியில் துருவி உறையவைத்த கிழங்கு கிடைக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. முழுவதும் உருகவிட்டு, அதையும் பிழிந்துதான் சேர்க்க வேண்டும்.

முட்டை எதற்கு?

முட்டை இல்லாத கேக் என்றவுடன் "முட்டைக்குப் பதிலாக என்ன போடுவது?" என்று கேட்கிறோம். ஆளிவிதை, வாழைப்பழம், வினிகர் என்று பட்டியல் நீளும். கோதுமை மாவு கேக்குக்கு அது பொருந்தலாம். பிங்காவில் முட்டைக்கு வேலையே இல்லை. முட்டை செய்வது மாவைப் பிடித்து இறுக்குவது. அந்த வேலையை மரவள்ளி மாவே செய்துவிடும். ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி சூட்டில் அது தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி, ஆறும்போது இறுகிவிடுகிறது. சவ்வரிசி பாயசம் ஆறியதும் கெட்டியாவது இதனால்தான். சவ்வரிசியும் இதே கிழங்கின் மாவுதானே. மென்மைக்குத் தேங்காய்ப்பாலின் கொழுப்பு போதும்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். தோலோடு 1.3 கிலோ கிழங்கு வாங்கினால், உரித்து நாரெடுத்த பின் சுமார் 1 கிலோ தேறும். கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி. குலா மலாக்கா 120 கிராம், வெள்ளைச் சர்க்கரை 60 கிராம். உப்பு முக்கால் தேக்கரண்டி. பாண்டான் இலை மூன்று. தட்டில் தடவத் தேங்காய் எண்ணெய், அடியில் விரிக்க வாழையிலை. தட்டு 20 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சரியாக இருக்கும்.

தேங்காய்ப்பால் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சந்தையில் பிழிந்து தருவதும் பெட்டியில் வருவதும் பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை. ஆனால் தேங்காய்ப்பால் தூளில் பல சமயம் 'கேசினேட்' சேர்த்திருப்பார்கள். அது பசும்பாலின் புரதம். பெயரில் தேங்காய், உள்ளே பால்! சில மார்ஜரின்களிலும் இப்படித்தான், மோர்ப்பொடி இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருந்தால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். நாங்கள் பட்ட பாடு போதும்.

பிழிவதில்தான் எல்லாம்

கிழங்கை மிக நைசாகத் துருவுங்கள். மின்னரைப்பானில் போடுகிறவர்கள் சின்னத் துண்டுகளாக வெட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைக்கலாம். கட்டி இருந்தால் அது வேகாமல் நிற்கும். துருவியதில் இரண்டு கிண்ணம் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, மெல்லிய துணியில் கட்டிப் பிழியுங்கள்.

எவ்வளவு பிழிவது? முதல் தடவை நான் பிழியவே இல்லை. மேலே கருகி, அடியில் பசை மாதிரி நின்றது. இரண்டாம் தடவை ஆத்திரத்தில் முறுக்கிப் பிழிந்து தண்ணீரையும் கொட்டிவிட்டேன். வெட்டினால் புட்டாக உதிர்ந்தது. கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். புட்டு மாவு பிசையத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதம் கைக்குத் தெரியும்.

பிழிந்த தண்ணீரை உடனே கொட்ட வேண்டாம். 20 நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். மேலே நிற்கும் நீரை ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடி படியவிட்டு, அந்த நீரையும் ஊற்றிவிடுங்கள். மிஞ்சும் மாவைத் துருவலோடு திருப்பிச் சேர்க்க வேண்டும். பிங்காவைப் பிடித்து நிறுத்துவது அதுதான். இரண்டாம் முறை நான் கால்வாயில் ஊற்றியதும் அதைத்தான்.

இனி மற்றது சுலபம். குலா மலாக்கா, சர்க்கரை, முடிச்சுப்போட்ட பாண்டான் இலை, 100 மில்லி தண்ணீர் எல்லாவற்றையும் சிறு தீயில் கரையவிட்டு வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் பல்லில் மண் கடிபடும். தேங்காய்ப்பாலில் மூன்று மேசைக்கரண்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பாகோடும் உப்போடும் கலந்து, துருவலில் ஊற்றிக் கிளறுங்கள். இந்தக் கலவையை அடுப்பில் மெல்லிய தீயில் நான்கைந்து நிமிடம் கிளறினால் சற்றுத் தடிக்கும். அப்படிச் செய்தால் ஓவனில் தேங்காய்ப்பால் மேலேயும் மாவு அடியிலேயும் பிரிந்து நிற்காது.

வாழையிலையை வாட்டி, எண்ணெய் தடவித் தட்டில் விரித்து, கலவையை ஊற்றிச் சமப்படுத்துங்கள். ஓவனை முன்கூட்டியே 180 டிகிரிக்குச் சூடாக்கி, நடுத் தட்டில் ஒரு மணி நேரம் முதல் 70 நிமிடம் வரை வையுங்கள். அரை மணி நேரம் ஆனதும் எடுத்து வைத்த தேங்காய்ப்பாலை மேலே தடவுங்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் இன்னொரு முறை. மேல்பக்கம் தேன் நிறம் தாண்டிப் பழுப்பாக வேண்டும். அந்தக் கருகல் ஓரம்தான் பிங்காவுக்கு உயிர், வெளிறிய பிங்கா எனக்குப் பிங்காவே இல்லை.

கேக்குக்குச் செய்வதுபோல் குச்சியைக் குத்திப் பார்த்தால் ஏமாறுவீர்கள். வெந்த பிங்காவிலும் குச்சி ஒட்டும். ஓரம் தட்டிலிருந்து விலகியிருக்கிறதா, தட்டை ஆட்டினால் நடுப்பகுதி தளும்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். அதிகம் வெந்து கெட்ட பிங்காவை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஓவன் இல்லாத வீடுகளில் ஏர் ஃப்ரையர் இருக்கிறது. அதற்குப் பாதி அளவு, சிறிய தட்டு, 160 டிகிரி, 35 முதல் 45 நிமிடம். முதல் இருபது நிமிடம் மேலே தாள் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் வேகும் முன்பே கருகிவிடும். இரண்டும் இல்லாத காலத்தில் கம்பத்து வீடுகளில் பிங்காவைப் பித்தளைத் தட்டில் வைத்து, அடியில் கரி, மூடியின் மேல் தேங்காய் மட்டைக் கங்கு என்று சுட்டார்கள். மேலும் கீழும் தீ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

ஏன் இது காலை உணவு?

மூன்றாவது முறை நான் செய்த தவறு அவசரம். வாசனை தாங்காமல் சூட்டோடு வெட்டினேன். கத்தியில் பசையாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஆறினால்தான் மாவு இறுகும். குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும், இரவு முழுக்க ஆறவிட்டால் இன்னும் நல்லது.

அதனால்தான் பிங்கா காலைப் பசியாறலுக்குப் பொருத்தம். இரவு எட்டு மணிக்கு ஓவனில் வைத்தால் ஒன்பதரைக்குள் எடுத்துவிடலாம். மேலே துணியைப் போட்டு மூடிவிட்டுப் படுக்கலாம். காலையில் ஐந்தரைக்கு எழுந்து பிள்ளையைக் கிளப்பி, தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கும் வீட்டில் அடுப்பு மூட்டவே வேண்டாம். எண்ணெய் தடவிய கத்தியால் 16 துண்டாக வெட்டினால் முடிந்தது.

16 துண்டு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நனிசைவம் என்றால் உடம்புக்கு இலேசானது என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. பிங்காவைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. கிழங்கு முழுக்க மாவுச்சத்து, தேங்காய்ப்பால் முழுக்கக் கொழுப்பு. நான் சொன்ன அளவில் சுட்டாலும் ஒரு துண்டில் சேர்த்த சர்க்கரை மட்டும் 11 கிராம் வரும். ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. ஒன்பது துண்டாக வெட்டினால் 20 கிராம். கடைப் பிங்காவில் இனிப்பு பெரும்பாலும் இதைவிடத் தூக்கலாகவே இருக்கும். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. முந்தைய 2019 ஆய்வில் இந்தியர்களிடையே அது மற்ற இனங்களைவிட அதிகமாக இருந்தது. இனிப்பு நீர் உள்ளவர்கள் தினமும் இதைச் சாப்பிட வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒரு துண்டு, தேநீரில் சர்க்கரை இல்லாமல்.

இன்னொன்று. கிழங்கில் புரதம் மிகக் குறைவு. பாலும் முட்டையும் சாப்பிடாத பிள்ளைக்கு இது மட்டும் காலை உணவாகாது. எங்கள் வீட்டில் பிங்கா சுடும் இரவில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துவிடுவோம். காலையில் குக்கரில் இரண்டு மூன்று விசில் அதிகம் விட்டுக் குழைய வேகவைத்து, கடுகு, தேங்காய்த் துருவல் தாளித்துச் சுண்டலாக்கினால் இனிப்புக்கும் காரத்துக்கும் பொருத்தமாக இருக்கிறது. பையனுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கிவிடாமல் நசுக்கிக் கொடுக்கிறோம். கடலையோ தேங்காயோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. ஒவ்வாமை இருக்கும் வீட்டில் புதிதாக எதைக் கொடுப்பதானாலும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

மிஞ்சியதை என்ன செய்வது? நம் வெப்பத்தில் தேங்காய்ப்பால் சேர்ந்த பண்டம் சுட்ட மறுநாள் மதியத்தைத் தாண்டி வெளியே இருக்கக் கூடாது. குளிர்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம், ஆனால் கல்லாக இறுகிவிடும். ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் பழைய மென்மை திரும்பும். எனக்கு அதைவிடத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் வாட்டிச் சாப்பிடப் பிடிக்கும். அக்கா மகன் ஓரத்துண்டை மட்டும் தனக்கென்று எடுத்து வைக்கச் சொல்கிறான். ஒரு சதுரத் தட்டில் மூலை நான்குதான் இருக்கும் என்பதை அவனுக்கு இன்னும் விளக்க முடியவில்லை.